வாசகர் கேள்வி – பதில்: நெடுந்தூர வீதி அஞ்சலோட்டம்

தை பிறந்தால் வன்னிப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் தொடங்கிவிடும். கழகங்களும் அதையொட்டி வீதியோட்டங்களுக்கு ஆயத்தமாகும். நெடுந்தூர அஞ்சலோட்டம் நடத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இம்முறை முழுப் பக்கங்களையும் ஒதுக்கியிருக்கிறோம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் அறிந்த அஞ்சலோட்டம் மைதானத்தில் நாலு பேர் கோலோடு ஓடுவதுதான். ஐம்பது, நூறு கிலோமீற்றருக்கு வீதியில் அஞ்சலோட்டம் என்கிறார்களே, அது எப்படி? எத்தனை பேர் வேண்டும்? – கழகச் செயலாளர், விசுவமடு

பதில்: முறை ஒன்றேதான். ஓர் அணிக்கு ஒரு பொருள். அதை ஒருவர் தன் கட்டம் முடியும்வரை கொண்டு ஓடி அடுத்தவரிடம் கொடுக்கிறார். முதலாமவர் புறப்பட்ட நேரத்திலிருந்து கடைசி ஆள் முடிவுக்கோட்டைத் தாண்டும்வரை கடிகாரம் நிற்காது. மைதானத்தில் ஒரு கட்டம் 100 அல்லது 400 மீற்றர். வீதியில் அது 5, 10, சில இடங்களில் 20 கிலோமீற்றருக்கும் மேல்.

உலகில் மூன்று வகை நடைமுறைகள் வேரூன்றியிருக்கின்றன. மூத்தது ஜப்பானின் எகிடென். 1917இல் கியோத்தோவிலிருந்து தோக்கியோவரை ஏறத்தாழ 508 கிலோமீற்றரை இரவு பகலாக மூன்று நாள் ஓடினார்கள். அங்கே இன்று மிகப் புகழ்பெற்றது ஹகோனே எகிடென். 1920இல் தொடங்கியது, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3ஆம் திகதிகளில் நடக்கும். பல்கலைக்கழக அணிகள், அணிக்குப் பத்துப் பேர், இரண்டு நாளில் 217.1 கிலோமீற்றர். ஐந்தாம் கட்டம் கடல் மட்டத்துக்கு அண்மையிலிருந்து 874 மீற்றர் உயரம்வரை மலை ஏறுகிறது. இந்தப் போட்டியைத் தொடக்கியவர்களில் முதன்மையானவர் கனகுரி ஷிசோ. 1912 ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வெயிலில் சோர்ந்து பாதியில் நின்றவர். நெடுந்தூர ஓட்டக்காரரைப் பெருந்தொகையில் உருவாக்க அஞ்சலோட்டமே வழி என்று நம்பினார்.

இரண்டாவது, உலக மெய்வல்லுநர் சம்மேளனத்தின் விதிநூல் பரிந்துரைக்கும் முறை. மரதன் தூரமான 42.195 கிலோமீற்றரை ஆறு பேர் 5, 10, 5, 10, 5, 7.195 எனப் பங்கிட்டு ஓடுவார்கள். 2005இல் ஜப்பானின் சிபா நகரில் கென்ய ஆண்கள் அணி இதை 1 மணி 57 நிமிடம் 06 செக்கனில் முடித்தது. கிலோமீற்றருக்குச் சராசரி 2 நிமிடம் 47 செக்கனுக்கும் குறைவு.

மூன்றாவது அமெரிக்க வகை. ஒறிகன் மாநிலத்தில் 1982இல் எட்டு அணிகளோடு தொடங்கிய 'ஹூட் டு கோஸ்ற்' அதற்கு முன்மாதிரி. மலையிலிருந்து கடற்கரைவரை ஏறத்தாழ 320 கிலோமீற்றர். பன்னிரண்டு பேர், இரண்டு வான், 36 கட்டங்கள். ஒவ்வொருவரும் சுழற்சி முறையில் மூன்று தடவை ஓடுவார்கள். இரவும் ஓட்டம் தொடரும்.

வன்னியில் முதன்முதலாக நடத்துபவர்கள் இரண்டாவதை எடுங்கள். ஆறு பேரை எந்தக் கழகமும் சேர்த்துவிடும், காலை வெயில் ஏறுமுன் முடிக்கலாம், இரவு ஓட்டம் தேவையில்லை.

கேள்வி: வவுனியாவிலிருந்து கிளிநொச்சிவரை ஏ9 வீதியில் ஒரே நாளில் பத்துப் பேர் கொண்ட அணிகளை ஓடவிட எண்ணியிருக்கிறோம். சரிவருமா? எந்த மாதம் நல்லது? – நண்பர்கள் சிலர், ஓமந்தை

பதில்: முதலில் நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தூரம் 75 கிலோமீற்றருக்குக் குறையாது. கிலோமீற்றருக்கு ஐந்தரை நிமிடம் என்றால் 6 மணி 52 நிமிடம். காலை ஐந்தரைக்குப் புறப்பட்டாலும் முடியும்போது பன்னிரண்டேகால் தாண்டிவிடும். கடைசி மூன்று பேரும் உச்சி வெயிலில், நிழல் குறைந்த காபெற் வீதியில் ஓட வேண்டும். அதற்காக அதிகாலை இரண்டு மணிக்குத் தொடங்கினால் வேறு மூன்று ஆபத்துகள். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம் பக்கம் இருட்டிலும் விடியப்புறத்திலும் யானை வீதிக்கு வரும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் வேகமாகக் கடப்பதும் அந்த நேரத்தில்தான். சூடு தங்கிய தாரில் மாடுகள் படுத்திருக்கும், பாம்பும் வரும். ஆகவே அந்தத் தூரம் வேண்டுமென்றால் ஹகோனே போல இரண்டு நாளாகப் பிரியுங்கள்: முதல் நாள் மாங்குளம்வரை, மறுநாள் மிச்சம்.

ஒரே நாளில் முடிக்க எங்கள் பரிந்துரை ஆனையிறவுப் பக்கத்திலிருந்து மாங்குளம் நோக்கி ஓடுவது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 45 கிலோமீற்றர். முடிவுக்கோட்டை மாங்குளத்தில் வைத்து 42.195ஐப் பின்னோக்கி அளந்தால் தொடக்கம் ஆனையிறவுக்குச் சற்றுத் தெற்கே வரும். பலர் தெற்கிலிருந்து வடக்கே ஓடத்தான் நினைப்பார்கள். நாங்கள் திசையை மாற்றச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உமையாள்புரம், பரந்தன் பக்கம் வெட்டவெளி. அதை வெயில் வருமுன் கடந்துவிடலாம். முறிகண்டிக்குத் தெற்கே கொக்காவில் பக்கம் காட்டுப்பாடு. அங்கே ஓட்டக்காரர் வரும்போது நன்றாக விடிந்திருக்க வேண்டும். வடக்கே போனால் இரண்டும் தலைகீழாகிவிடும். மாசி மாதத்தில் வடகீழ்க் காற்றின் மிச்சம் முதுகுப் பக்கம் இருப்பதும் நன்மை.

மாதம் என்றால் மாசியைவிட நல்லது இல்லை. மாரி ஓய்ந்திருக்கும், விடியல் குளிராக இருக்கும், பங்குனி, சித்திரை வெக்கை இன்னும் தொடங்கியிராது. வைகாசி தொட்டு ஆவணிவரை சோளகம் வீசும்போது தெற்கே ஓடுவது காற்றைத் தள்ளிக்கொண்டு போவதாகும். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போகும் வாகன நெரிசலும் சேரும். மாசியில் சூரியன் ஆறரை மணிக்குக் கிட்டத்தான் எழும். காலை ஆறு மணித் தொடக்கம் போதுமானது.

ஒரு கவனம்: இந்தப் பாதை கிளிநொச்சி, முல்லைத்தீவு என இரண்டு மாவட்டங்களில் போகிறது. இரண்டு மாவட்டச் செயலகங்களுக்கும், பாதையிலுள்ள ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், இரு மாவட்டப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகளுக்கும் தனித்தனிக் கடிதம் வேண்டும். ஒரு பொலிஸ் நிலையம் தந்த அனுமதி அடுத்ததின் எல்லைக்குள் செல்லாது என்பதைப் பலர் போட்டியன்று காலையில்தான் அறிகிறார்கள்.

கேள்வி: கோலா, துணிப்பட்டியா? கைமாற்றத்துக்கான விதி என்ன? – உடற்கல்வி ஆசிரியர், நெடுங்கேணி

பதில்: பட்டிதான். பத்துக் கிலோமீற்றர் ஓடும் கையில் கோல் வியர்வையில் வழுக்கும்; ஒரு கை இறுகியிருப்பதால் தோளும் இறுகும்; தண்ணீர்க் கோப்பை வாங்க ஒரு கைதான் மிஞ்சும். பட்டியை ஒரு தோளிலிருந்து மறுபக்க இடுப்புக்குக் குறுக்காக மாட்டிக்கொண்டால் இரு கைகளும் வெறுமை.

ஜப்பானிய அளவு அகலம் 6 சென்ரிமீற்றர், நீளம் 1.6 முதல் 1.8 மீற்றர். இரு நுனிகளையும் சேர்த்துத் தைத்து வளையமாக்க வேண்டும். பருத்திச் சீலை நல்லது. பொலியெஸ்ரர் வழுக்கிக் கீழிறங்கும். தையலை வெளிப்பக்கம் வைத்தால் கழுத்தில் உரசாது. நீளம் கூடினால் தொடையில் அடிக்கும். மிச்சத்தைக் காற்சட்டைப் பட்டிக்குள் செருகி ஓடச் சொல்லுங்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு நிறம். நிறம் போதாவிட்டால் நடுவில் கோடு.

கைமாற்றும் வலயத்தைக் கட்ட முடிவுக் கோட்டுக்கு 10 மீற்றர் முன்னும் 10 மீற்றர் பின்னுமாக உலக விதி வகுக்கிறது. கோடுகள் 5 சென்ரிமீற்றர் அகலம். வேறு விதி அறிவிக்கப்படாவிட்டால் வருபவரும் போகிறவரும் இந்த இருபது மீற்றருக்குள் தொட்டுக்கொள்ள வேண்டும். ஜப்பானில் கோட்டுக்கு அப்பால் 20 மீற்றர். கோட்டுக்குப் பின்னால் போய் வாங்க முடியாது. எதை எடுத்தாலும் முன்கூட்டியே எழுத்தில் கொடுங்கள்.

பயிற்சியில் பழக வேண்டியது இது. வருபவர் 200 மீற்றர் இருக்கும்போதே பட்டியைத் தலைவழியாகக் கழற்றி, இரு முனையையும் இரு கையால் இழுத்துப் பட்டையாகப் பிடிக்க வேண்டும். கடைசி இருபது மீற்றரில் கழற்றத் தொடங்குபவர் காதிலோ எண் அட்டையின் ஊசியிலோ மாட்டிக்கொண்டு தடுமாறுவார். நிற்பவர் வீதியைப் பார்த்தபடி நின்று, வருபவர் ஐந்தாறு மீற்றருக்குள் வந்ததும் மெல்ல நகர்ந்து, பட்டியின் நடுவைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். மாட்டிக்கொள்வது ஓட்டம் சீரான பிறகு. முதல் நூறு மீற்றருக்குள் மாட்டினால் போதும். மைதான அஞ்சலோட்டம்போலத் திரும்பிப் பாராமல் கையைப் பின்னே நீட்டி வாங்கத் தேவையில்லை. அங்கே செக்கனில் பத்திலொரு பங்குக்காக எடுக்கும் ஆபத்து இங்கே பயனற்றது. கொடுத்தவர் உடனே வலயத்தின் ஓரத்துக்கு விலக வேண்டும். நடுவில் குந்திவிட்டால் பின்னால் வரும் அணி அவர்மீது விழும்.

கேள்வி: போன முறை எங்கள் ஓட்டக்காரர் வந்து சேர்ந்தபோது அடுத்தவர் அங்கே இல்லை. மூன்று நிமிடத்துக்கு மேல் போய்விட்டது. இதை எப்படித் தவிர்ப்பது? – அணித்தலைவர், அக்கராயன்

பதில்: இந்தப் போட்டியில் அணிகள் அதிகம் இழப்பது இப்படித்தான். கிலோமீற்றருக்கு ஐந்து செக்கன் கூட்டப் பல மாதப் பயிற்சி வேண்டும். அப்படிக் கூட்டினாலும் 42 கிலோமீற்றருக்கு மூன்றரை நிமிடம்தான் மிஞ்சும். ஒரு தவறிய கைமாற்றம் அதை அப்படியே விழுங்கிவிடும்.

மருந்து ஒரு தாள். ஒவ்வொருவரின் அண்மைய ஓட்ட நேரத்தை வைத்து எதிர்பார்க்கும் வருகை நேரத்தை எழுதுங்கள். 6.00க்குத் தொடக்கம், முதலாமவர் 5 கிலோமீற்றருக்கு 21 நிமிடம் என்றால் 6.21, இரண்டாமவர் 10க்கு 41 நிமிடம், 7.02, மூன்றாமவர் 24 நிமிடம், 7.26, நாலாமவர் 43, 8.09, ஐந்தாமவர் இருபத்திரண்டரை, 8.31 அரை; கடைசி ஆள் 32, 9.03 அரை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் உண்மை நேரத்தைப் பக்கத்தில் எழுதி, வித்தியாசத்தை அடுத்த வரிகள் எல்லாவற்றுக்கும் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். இதற்கென்றே ஒருவர் வேண்டும். ஓடப் போகிறவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். தாள் வானுக்குள் ஒன்று, மோட்டார் சைக்கிளில் ஒன்று.

எதிர்பார்த்த வருகைக்கு இருபது நிமிடம் முன் உடல் சூடாக்கல் தொடங்க வேண்டும். பத்து நிமிடம் முன் மலசலகூட அலுவல் முடிந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம் முன் கோட்டருகே நிற்க வேண்டும். ஆள் இல்லாமல் போவதற்கான காரணங்களைப் பார்த்தால் பெரும்பாலும் மலசலகூடமோ வானோதான்.

வான் விடயத்தை விளக்க வேண்டும். ஒரே ஹயஸ் வானில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒவ்வோர் இடமாகத் தாவிப் போவது வழமை. 10 கிலோமீற்றர்க் கட்டத்தில் அது வசதி. 5 கிலோமீற்றர்க் கட்டத்தில் இறுக்கம். மேலே சொன்ன கணக்கில் 7.02க்கு வந்த இரண்டாமவரை ஏற்ற நாலு நிமிடம், அடுத்த இடத்துக்கு ஓட எட்டு நிமிடம்; வான் சேர 7.14 ஆகும். 7.26க்கு 10 கிலோமீற்றரை வேகமாக ஓட வேண்டிய நாலாமவருக்கு மிஞ்சுவது 12 நிமிடம். இடையில் ஒரு மாட்டுப்பட்டி மறித்தால் அதுவும் இல்லை. ஆகவே நாலாமவரும் ஆறாமவரும் வானுக்காகக் காத்திராமல் மோட்டார் சைக்கிளில் ஒரு கட்டம் முன்னதாகவே போய்விட வேண்டும்.

நடத்துபவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. வலயத்துக்கு 300 மீற்றர் முன்னே ஒருவரை நிறுத்தி, வரும் அணியின் எண்ணைத் தொலைபேசியிலோ கைக்கம்பியிலாக் கருவியிலோ சொல்ல வையுங்கள். எண் அட்டையில் அணி எண்ணும் கட்ட எண்ணும் இரண்டும் இருக்க வேண்டும்: 7–3 என்றால் ஏழாம் அணியின் மூன்றாம் ஆள்.

கேள்வி: யாரை எந்தக் கட்டத்தில் விடுவது? கெட்டிக்காரனைக் கடைசியில் விட வேண்டும் என்று ஒரு பகுதி, முதலில் என்று மறுபகுதி. – பயிற்றுநர், மல்லாவி

பதில்: கெட்டிக்காரரை நீண்ட கட்டத்தில் விடுங்கள். 5 கிலோமீற்றரை ஒருவர் 18 நிமிடத்திலும் இன்னொருவர் 22 நிமிடத்திலும் ஓடுகிறார்கள் என்று வைப்போம். 10 கிலோமீற்றர் நேரத்தை மதிப்பிட, 5 கிலோமீற்றர் நேரத்தை இரட்டித்து ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் கூட்டலாம். அந்தக் கணக்கில் வேகமானவருக்கு 37 நிமிடம் 32 செக்கன், மற்றவருக்கு 45 நிமிடம் 52 செக்கன். வேகமானவர் பத்தையும் மற்றவர் ஐந்தையும் ஓடினால் இருவருக்கும் சேர்த்து 59.32. மாற்றி விட்டால் 63.52. அதே இரண்டு பேர், அதே தூரம். 4 நிமிடம் 20 செக்கன் கைவிட்டுப் போகிறது.

இரண்டாம், நாலாம் கட்டங்கள் பத்துக் கிலோமீற்றர். வெயில் தாங்கக்கூடியவரை நாலாவதில் வையுங்கள். வன்னியில் மலை இல்லை, வெயில்தான் எங்கள் மலை. முதலாம் கட்டத்துக்குக் கூட்டத்தில் பதறாதவர் வேண்டும். எல்லா அணிகளும் ஒன்றாகப் பாயும்போது முதல் கிலோமீற்றரைத் தன் வேகத்தில் ஓடத் தெரிந்தவர். கடைசிக் கட்டத்தில் முன்னும் பின்னும் ஒருவரும் தெரியாமல் ஓட நேரலாம். ஆளைத் துரத்தினால்தான் ஓட்டம் வரும் என்பவர் அங்கே தேய்ந்துவிடுவார். அணியில் புதியவருக்கு மூன்றாம் கட்டம்.

எல்லாக் கட்டத்துக்கும் பொதுவான நோய், பட்டி கைக்கு வந்ததும் பாய்வது. கால் புதிது, சனம் கத்துகிறது, முன்னால் ஒருவர் தெரிகிறார். முதல் கிலோமீற்றரைத் திட்டத்தைவிட இருபது, முப்பது செக்கன் வேகமாக ஓடியவர் கடைசி இரண்டில் அதைப்போல் இரு மடங்கைத் திருப்பிக் கொடுக்கிறார். ஒவ்வொரு கட்டத்தின் முதல் கிலோமீற்றர் முடிவிலும் உங்கள் ஆள் ஒருவர் கடிகாரத்தோடு நின்று நேரத்தைச் சத்தமாகச் சொன்னால் போதும். அங்கே ஊக்கப்படுத்த வேண்டாம். நேரத்தை மட்டும் சொல்லட்டும்.

கேள்வி: ஓடுபவர் பாதியில் விழுந்தால் இன்னொருவர் பட்டியை எடுத்து ஓடலாமா? – வாசகர், கொக்காவில்

பதில்: வீதி அஞ்சலோட்ட விதிப்படி இயலாது. ஒருவர் ஒரு கட்டம்தான், அதை அவரே முடிக்க வேண்டும். ஹகோனேயில் பயிற்றுநர் தன் ஓட்டக்காரரைத் தாங்கிப் பிடித்த கணமே அணி போட்டியிலிருந்து விலகியதாகக் கொள்ளப்படும். கிராமப் போட்டியில் நாங்கள் சொல்வது: அணியின் இடம் பறிபோகட்டும், ஆனால் அடுத்த கட்டக்காரர்களைத் தனிநேரத்துக்காக ஓட விடுங்கள். அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்தால்தான் சோர்ந்தவர் அணிக்காக உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டு வரமாட்டார்.

தள்ளாடுதல், கேட்ட கேள்விக்குப் பொருந்தாத பதில், திசை தெரியாமல் திரும்புதல் — இவை வெப்பத்தாக்கத்தின் அடையாளம். வியர்த்துக்கொண்டிருந்தாலும் அதுதான். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் வாகனம். நிழலில் கிடத்தி உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்து, கமக்கட்டு, தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். பெரிய தொட்டியில் ஐஸ் தண்ணீர் இருந்தால் தலையைத் தாங்கிப் பிடித்தபடி கழுத்துவரை அமிழ்த்துவது எல்லாவற்றிலும் சிறந்தது. இதைச் செய்துகொண்டே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். மயக்கத்தில் இருப்பவருக்கு வாயால் எதுவும் கொடுக்கக் கூடாது. நாலாம் கட்டத்துக்குப் பிறகு வரும் ஒவ்வொரு கைமாற்றும் இடத்திலும் ஐஸ் பெட்டி கட்டாயம்.

கேள்வி: தண்ணீர்ப் பந்தல் எங்கள் பொறுப்பு. இருபது அணிகளுக்கு எவ்வளவு வேண்டும்? தேசிக்காய்த் தண்ணீர் கொடுக்கலாமா? – மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், மாங்குளம்

பதில்: குடிக்கவும் தலையில் ஊற்றவும் சேர்த்து 5 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 1 லீற்றர், 10க்கு 2, கடைசிக் கட்டத்துக்கு ஒன்றரை எனப் பிடியுங்கள். அணிக்கு எட்டரை லீற்றர். இருபது அணிக்கு 170. இது ஓடுபவர்களுக்கு மட்டும். காத்திருப்பவர், வீதியில் நிற்கும் தொண்டர், முடிவிடம் எல்லாவற்றுக்கும் இன்னும் இரு மடங்கு வைத்தால் 510 லீற்றர். 19 லீற்றர்ப் போத்தலில் 27. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் கல்லும் சவருமானது. குடிக்கச் சுத்திகரித்த தண்ணீர். தலைக்கு ஊற்றக் கிணற்றுத் தண்ணீர் தாராளம். இரண்டையும் வெவ்வேறு நிற வாளியில் வையுங்கள்.

5 கிலோமீற்றர்க் கட்டத்தில் நடுவில் ஒரு பந்தல், பத்தில் மூன்று. கோப்பையை அரைவாசிதான் நிரப்ப வேண்டும், நிறைந்த கோப்பை முகத்தில் கொட்டும். கொடுப்பவர் உள்ளங்கையில் வைத்து நீட்டி, ஓடுபவர் எடுத்ததும் கையை விடட்டும். மேசை நீளமாக, முதல் ஆள் முதல் கடைசி ஆள்வரை பத்து மீற்றர் இருந்தால் நெரிசல் இல்லை.

தேசிக்காய்த் தண்ணீர் ஓடி முடித்தவருக்கு மிக நல்லது. ஓடும்போது புளிப்பு சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். ஜீவனி (நீரிழப்புக்கான உப்புக் கலவை) பக்கற் ஒன்றை 1 லீற்றரில் கரைக்க வேண்டும். "கொஞ்சம் கூடப் போட்டால் தெம்பு" என்று இரண்டு போட்டால் வயிற்றோட்டம்தான் மிஞ்சும். பக்கற் இல்லாவிட்டால் 1 லீற்றருக்கு மட்டமான ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு. ஓடி முடித்தவரை வற்புறுத்தி வெறுந்தண்ணீரை லீற்றர் கணக்கில் குடிக்க வைக்காதீர்கள். இரத்தத்தில் உப்பின் அளவு இறங்கித் தலைவலி, வாந்தி, மயக்கம்வரை போகும். தாகத்துக்குக் குடித்து, கதலிப்பழமும் அவித்த கச்சானும் கொஞ்சம் தின்றால் போதும்.

கேள்வி: பதினான்கு வயது மகன் வெறுங்காலுடன் நன்றாக ஓடுவான். அணியில் கேட்கிறார்கள். விடலாமா? – தாய் ஒருவர், புதுக்குடியிருப்பு

பதில்: 5 கிலோமீற்றர்க் கட்டம் என்றால், அதை அவர் பயிற்சியில் சிரமமின்றி ஓடிவருகிறார் என்றால் விடுங்கள், அம்மா. பத்து வேண்டாம். இருபது வயதுக்குட்பட்டோருக்கே உலக விதிநூல் அரை மரதனை 5, 5, 5, 6.098 எனப் பிரிக்கத்தான் பரிந்துரைக்கிறது. முதலாம் கட்டத்தையோ மூன்றாவதையோ கேளுங்கள். எட்டரை மணிக்குப் பிறகு தார் வெறுங்காலைச் சுடும். சப்பாத்து வாங்கிக் கொடுப்பதானால் ஒரு மாதம் முந்தியே வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக விடுங்கள். போட்டியன்று புதுச் சப்பாத்தில் ஓடியவர் இரண்டாம் கிலோமீற்றரில் கொப்புளத்தோடு நடப்பார். வீதி ஓரக் கிரவலில் ஓடாமல் தாரின் விளிம்பிலிருந்து ஓரடி உள்ளே ஓடச் சொல்லுங்கள்.

கேள்வி: கைமாற்றும் இடங்களை எப்படித் தெரிவது? – கிராம விளையாட்டுக் குழு, பரந்தன்

பதில்: நேரான வீதி, இருபுறமும் 200 மீற்றர் பார்வை, வான்கள் முற்றாகத் தாரை விட்டு இறங்கி நிற்க இடம், அருகில் மலசலகூடத்தோடு பாடசாலையோ பொதுநோக்கு மண்டபமோ. சந்தி வேண்டாம். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடி கட்டாயம் வேண்டாம். போகிற வாகனமெல்லாம் அங்கே நிற்கும், சனம் கச்சான் கடைக்கும் கோயிலுக்குமாக வீதியைக் குறுக்கறுக்கும். 5, 10 என்ற பகிர்வு பரிந்துரைதான். கோடு சந்தியில் விழுந்தால் கட்டத்தை அரைக் கிலோமீற்றர் நீட்டுங்கள், குறையுங்கள். மொத்தம் மாறாமல் இருந்தால் சரி.

எதிரே வரும் வாகனத்தைப் பார்த்து ஓடுவதற்காக ஓட்டக்காரரை வலப்பக்கம் விடுகிறோம். வான்களோ இடப்பக்கம் நிறுத்தப்படும். இதனால் நேரம் நெருங்கியதும் ஓடப் போகிறவர் அவசரத்தில் ஏ9ஐக் குறுக்கே ஓடிக் கடப்பார். முழுப் போட்டியிலும் மிக ஆபத்தான கணம் இதுவே. வான் தரிப்பிடத்தை வலயத்தின் அதே பக்கத்தில் வையுங்கள். இயலாவிட்டால் பொலிஸோ தொண்டரோ கடத்திவிடும் ஓரிடம் மட்டும் இருக்கட்டும். பற்றைக்குள் ஒதுங்குவதை எல்லா அணிகளுக்கும் தடை செய்யுங்கள். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை இருந்த இடங்களை ஊரவர் அறிவார்கள், வெளியூர் அணி அறியாது.

கேள்வி: வீதியை ஒன்பதரை மணிவரைதான் தருவார்கள். மெதுவான அணிகளை என்ன செய்வது? – ஏற்பாட்டுக் குழு, கிளிநொச்சி

பதில்: இரண்டு வழி. முதலாவது, முன்னே விடுவது. 3 மணி 05 நிமிடத்தில் முடிக்கும் அணி ஆறு மணிக்குப் புறப்படுமானால் 3.35 எடுக்கும் அணி ஐந்தரைக்குப் புறப்படட்டும். எல்லோரும் ஒன்பது மணியளவில் சேர்வார்கள், முடிவிடத்தில் சனமும் இருக்கும். வெற்றி எடுத்த நேரத்தைக் கொண்டு. முதலாமவர் அரை மணி இருட்டில் ஓடுவதால் ஒளிதெறிக்கும் மேலங்கியும் நெற்றி விளக்கும் கொடுங்கள், முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் போகட்டும். நாலே கால் மணி எடுக்கும் அணிக்காக ஐந்து மணிக்கு முன் தொடங்காதீர்கள். அதற்கு அடுத்த வழிதான்.

அது ஜப்பானிய முறை. முதல் அணி கடந்து குறித்த நேரம் போனதும், ஹகோனேயில் இடத்துக்கேற்ப 10 முதல் 20 நிமிடம், பட்டி வந்து சேராத அணிகளின் அடுத்த ஆட்களை வேறு நிறப் பட்டியோடு ஒன்றாகப் புறப்பட விடுவார்கள். கிராமப் போட்டிக்கு 20 நிமிடம் வையுங்கள். பின்தங்கிய ஓட்டக்காரர் தன் கட்டத்தை முடிப்பார், ஆனால் பட்டியைக் கொடுக்க ஆள் இருக்காது.

கணக்கில் தவறுவது இங்கேதான். அந்த அணியின் நேரம் ஆறு பேரின் கட்ட நேரங்களின் கூட்டுத்தொகை. மூன்றாமவர் 8.05க்கு வந்தார், நாலாமவரை 7.55க்கே விட்டோம், கடைசி ஆள் 9.30க்கு முடித்தார் என்றால் அணியின் நேரம் மூன்றரை மணி அன்று; முந்திவிட்ட 10 நிமிடத்தைச் சேர்த்து 3 மணி 40 நிமிடம். வீதியில் முன்னால் வந்த அணி பட்டியலில் பின்னால் நிற்கும். இதை ஒலிபெருக்கியில் முன்கூட்டியே சொல்லி வைக்காவிட்டால் முடிவிடத்தில் வாய்த்தர்க்கம் நிச்சயம்.

கேள்வி: தூரத்தை எப்படி அளப்பது? கைக்கடிகார ஜீபிஎஸ் போதுமா? – இளைஞர் ஒருவர், துணுக்காய்

பதில்: ஒத்திகைக்குப் போதும், போட்டிக்குப் போதாது. ஒரு வீதம் பிழைத்தால் 5 கிலோமீற்றரில் 50 மீற்றர்; ஐந்து நிமிட வேகத்தில் 15 செக்கன். சைக்கிள்தான் உலகம் முழுவதும் நடைமுறை. நேரான வீதியில் 300 மீற்றரை இரும்பு நாடாவால் அளந்து குறியுங்கள். முன் சில்லின் சுற்றைக் கணக்கிடும் கருவி பூட்டிய சைக்கிளை அதில் நாலு தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். பிறகு ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில், வளைவில் விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் விட்டு, பாதை முழுவதும் ஓட்டுங்கள். குறைந்துவிடாமல் இருக்கக் கிலோமீற்றருக்கு 1 மீற்றர் கூட்ட வேண்டும். வெயில் ஏற ரயர்க் காற்று விரிந்து சில்லு பெருக்கும். அதனால் அளவை முடிந்ததும் அதே 300 மீற்றரில் மீண்டும் நாலு தடவை ஓட்டிச் சரிபாருங்கள். அளவை முழுவதும் ஒரே ஆள், ஒரே சைக்கிள். வீதியோரக் கிலோமீற்றர்க் கற்களை ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஆண், பெண் கலந்த அணி விடலாமா? – மாணவி, தருமபுரம்

பதில்: தாராளமாக. மூன்று பெண்கள், மூன்று ஆண்கள் என்று வையுங்கள். ஆனால் எந்தக் கட்டம் யாருக்கு என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லா அணிகளும் நீண்ட கட்டங்களை ஆண்களுக்கே கொடுத்துவிடும். இரண்டாம் கட்டம் பெண்ணுக்கு, நாலாம் கட்டம் ஆணுக்கு என்றால் பத்துக் கிலோமீற்றர் இரு பக்கமும் ஒவ்வொன்று. முதலாவதும் ஆறாவதும் பெண்களுக்கு, மூன்றாவதும் ஐந்தாவதும் ஆண்களுக்கு என்று வைத்தால் பெண்கள் 22.195, ஆண்கள் 20 கிலோமீற்றர் ஓடுவார்கள்.